கவிழ்க்காத சட்டி

அந்த வீட்டில் தங்கியிருந்த காலம் முழுவதும் எனக்கு ஒருநாள்கூடக் குமட்டியதில்லை. குமட்டல் எல்லாம் பிறகுதான் வந்தது. இன்றைக்கும் வருகிறது. யார் வீட்டிலாவது மீன்கறிச் சட்டியின் மூடியைத் திறந்தால் என் மூக்கு தானாக முன்னால் போகிறது. அன்போடு சாப்பிடக் கூப்பிட்டவர்களின் முகம் சுருங்கிப்போகிறது. “ஒரு வீட்டுக்குப் போனா இப்படியா மோந்து பாப்பாங்க?” என்று என் கணவர் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வருவார். என்ன செய்ய? நான் மாமியின் கையால் சாப்பிட்டவள்.

மாமி எனக்கு உறவில்லை. நாகர்கோவிலுக்கு வேலைக்கு வந்த பெண்களுக்கு மாடி அறைகளை வாடகைக்கு விட்டு, மூன்று வேளைச் சாப்பாடும் போட்டுக்கொண்டிருந்தாள். கணவர் இறந்து வெகுநாள். ஒரே மகன் வளைகுடாவில். தங்கியிருந்த எல்லாரும் மாமி என்றுதான் கூப்பிட்டோம். பெயரைச் சொல்லப்போவதில்லை. அதே பெயரில் எத்தனையோ நல்ல பெண்கள் ஊரில் இருக்கிறார்கள்.

பார்க்க அத்தனை சுத்தமாக இருப்பாள். காலையும் மாலையும் குளியல். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைப் புடவை. கழுத்தில் பவுடர். ஒட்ட வெட்டிய நகம். தரையில் ஒரு தலைமுடி கிடந்தால் இரண்டு விரலால் எடுத்து நம் கண்ணுக்கு நேரே பிடித்து, “ஏட்டி, இது யாருக்க முடி?” என்று கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போய்வந்தால் அந்தத் தெருவே அவளிடம் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் நகரும். அப்படி ஒரு மதிப்பு.

நான் தேங்காய்ப்பட்டணத்துக்காரி. வாப்பா துறைமுகத்தில் மீன் ஏலம் எடுப்பவர். எங்கள் வீட்டில் வேறு எதற்கு விட்டுக்கொடுத்தாலும் மீனுக்கு விட்டுக்கொடுக்கமாட்டோம். செவுளைத் தூக்கிப் பார்க்காமல், வயிற்றை அமுக்கிப் பார்க்காமல் உம்மா எதையும் சட்டியில் போட்டதில்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த நான், மாமி வீட்டில் முதல் நாள் அயிலைக் கறியும் மரச்சீனிக் கிழங்கும் சாப்பிட்டுவிட்டு உம்மாவுக்குப் போன் செய்து, “நீங்க வைக்கத போலவே இருக்கு உம்மா” என்றேன். உம்மாவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

புதிதாக வருகிறவளுக்கு மாமி தனிக் கிண்ணத்தில் கறி கொண்டுவருவாள். மற்றவர்களுக்குப் பெரிய சட்டியிலிருந்து விளம்புவாள்.

“புது ஆளுல்லா, கவனிக்கணும்” என்பாள்.

உபசாரம் என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் கிண்ணம் நின்றது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் மாமி. அவள் செய்தது எதுவும் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாது.

எதையும் ஒரேயடியாக மாற்றமாட்டாள். தேநீரில் பால் குறைந்துகொண்டே வந்து கடைசியில் வெறும் கலங்கல் தண்ணீர் ஆனபோதும் நாங்கள் அதைத் தேநீர் என்றுதான் குடித்தோம். குளியலறைக் குழாயின் நூல் தடிமன் தண்ணீரைத்தான் குழாய்த் தண்ணீர் என்று நினைத்தோம். என் அறையில் என்னோடு இருந்தவள் செலின், கடியப்பட்டணத்துப் பெண், ஒரு துணிக்கடையில் வேலை. ஒருநாள் எங்கள் அறை பல்பு பீஸாகிவிட்டது. மாமியிடம் கேட்காமல், கடையிலிருந்து வரும் வழியில் அவளே ஒன்று வாங்கி வந்து மாட்டினாள். சுவிட்சைப் போட்டதும் இரண்டு பேரும் கண்ணைப் பொத்திக்கொண்டோம். சுவரில் இத்தனை கறை இருந்ததா? கட்டிலுக்கு அடியில் இத்தனை ஒட்டடையா? தலையணை உறை மஞ்சளாகவா இருந்தது? பக்கத்து அறைப் பெண்கள் எல்லாம் ஓடிவந்து வாசலில் நின்று, கல்யாண வீட்டுப் பந்தலைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். சாதாரண பல்புதான். எல்லா வீட்டிலும் எரிவதுதான்.

மாமி மேலே வந்தாள். முகத்தில் கோபமே இல்லை. “இது கண்ணுக்குக் கெடுதி மக்களே, பாரு, உங்களுக்கே கூசுது” என்று சொல்லி, புடவைத் தலைப்பால் சுடச்சுடக் கழற்றிக்கொண்டு போனாள். பழையது போல ஒன்று வந்தது. இரண்டு நாளில் எங்களுக்கு அதுவே வெளிச்சமாகிவிட்டது. செலின் மட்டும் கொஞ்ச காலம் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் காது ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கேட்காத அளவிலிருந்து சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவேன். கேட்டதும் அவர்கள் பட்டனை அமுக்க வேண்டும். மாமிக்கு என் வேலையின் மேல் தனி ஈடுபாடு. மற்ற பெண்களிடம் ஜவுளி விலை, கடைக்காரன் வம்பு என்று பேசுகிறவள், என்னிடம் மட்டும் இதையே கேட்பாள். ஒருநாள் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்.

“கேட்டுட்டு இருக்கவனுக்குப் பின்னேயும் பைய கூட்டினா அறிவானா?”

“சின்னச் சத்தமா இருந்தா, கொஞ்சம் கூட்டினாலே அறிவாங்க மாமி. பெருஞ்சத்தத்துல அதே கொஞ்சத்தக் கூட்டினா அறியமாட்டாங்க. நெறைய கூட்டணும்.”

மாமி துருவலை நிறுத்தினாள். கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் சேர்த்துக் காட்டினாள்.

“உப்பில்லாத கஞ்சில இந்த ஒரு நுள்ளு போடு, அறியும். உப்புக் கூடின கறில இதே நுள்ளப் போடு, எவ அறிவா? அப்ப, கெடக் கெட அறியாம ஆவுது. இல்லியா மக்களே?”

“காதும் அப்படித்தான் மாமி. பையப் பையக் காது போனவங்க தானா வரவே மாட்டாங்க. வீட்டுக்காரங்க பிடிச்சு இழுத்துட்டு வருவாங்க. டிவி சத்தம் தாங்க முடியலன்னு. அவரு எனக்கு ஒண்ணும் இல்லன்னு சண்டை போடுவாரு.”

இதைக் கேட்டு மாமி வெகுநேரம் சிரித்தாள். கண்ணில் நீர் வரும் அளவுக்கு. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அதில் ஒரு ருசி இருந்தது. லாபத்துக்காக மட்டும் அவள் அதையெல்லாம் செய்தாள் என்று நான் நினைக்கவில்லை. நம் நாக்குக்கும் கண்ணுக்கும் பின்னால் நின்றுகொண்டு, அவை எங்கே தூங்குகின்றன என்று பார்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு நுள்ளு என்பதுதான் அவள் வாயில் எப்போதும் இருந்த வார்த்தை. ஒரு நுள்ளு கூட, ஒரு நுள்ளு குறைய. அதற்கு மேல் அவள் ஒருபோதும் ஆசைப்பட்டதில்லை.

செலின் மட்டும் அவளுக்கு இடைஞ்சலாக இருந்தாள். சனிக்கிழமை தோறும் கடியப்பட்டணம் போய், கரையில் வந்திறங்கிய மீனைத் தின்றுவிட்டு ஞாயிறு திரும்புவாள். திங்கட்கிழமை தட்டைப் பார்த்ததும் மூக்கைச் சுருக்குவாள்.

“எனக்கு மட்டும் ஏன் ஒரு மாதிரி அடிக்குது?” என்று என்னிடம் கேட்பாள். புதன்கிழமை கேட்கமாட்டாள்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும், “மாமி, இந்த மீன் எப்ப வாங்கினது?” என்று கேட்டுவிட்டாள்.

“காலைல வாங்கினதாக்கும் மக்களே” என்றாள் மாமி. பிறகு எங்களைப் பார்த்து, “உங்களுக்கு ஏதாவது தோணுதா?” என்றாள்.

நாங்கள் எல்லாரும் ஒன்றும் இல்லை என்றோம். பொய் சொல்லவில்லை. உண்மையாகவே ஒன்றும் இல்லை. செலின் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். தனக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்பாள். தலை குனிந்து சாப்பிட்டாள்.

அடுத்த வாரத்திலிருந்து செலினுக்கு மட்டும் விளம்பிய திங்கட்கிழமைக் கறி நன்றாக இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பழைய இடத்துக்கு வந்து சேரும். அது எங்களுக்குத் தெரியாது. செலின்தான் பிற்காலத்தில் யோசித்துச் சொன்னாள். அதோடு மாமி நிற்கவில்லை. செலின் படுத்த பக்கத்து மின்விசிறி மெதுவானது. அவள் துணி காயப்போடும் கொடியில் மாமியின் பாய்கள் காய ஆரம்பித்தன. அவள் குளிக்கும் நேரத்துக்குத் தண்ணீர் தீர்ந்துபோனது. எதற்கும் சண்டை போட முடியாது. எல்லாம் அத்தனை சிறியது. கடைசியில் செலின் தானாகவே, “எனக்கு இங்க என்னமோ ஒத்துவரல்ல” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினாள். மாமி வாசல்வரை போய் அவள் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பினாள். திரும்பி வந்து என்னிடம், “அவளுக்கு நாக்கு நீளம். வாரா வாரம் ஊருக்குப் போறதுக ஒரு இடத்துல தங்காது” என்றாள்.

நான் தங்கினேன். ஆஸ்பத்திரியில் இன்னொரு பெண் வேலையை விட்டுப் போனதால் எனக்குச் சனிக்கிழமையும் விடுமுறை இல்லாமல் போயிற்று. பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஊருக்குப் போகாமலே மாதங்கள் ஓடின. அந்த நாட்களில் சாப்பிட்டு எழுந்தால் முகம் சிவக்கும், காது மடல் சுடும், கழுத்தில் அரிக்கும். சோப்பை மாற்றினேன். மற்ற பெண்களும் கழுத்தைச் சொறிந்துகொண்டுதான் இருந்தார்கள். மாமி தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துக் கொண்டுவந்து எங்கள் கழுத்தில் தடவிவிட்டாள். “சூடு மக்களே, உடம்புச் சூடு.” கை அத்தனை மென்மையாக இருக்கும்.

ஒருநாள் மத்தியானம் வாப்பா சொல்லாமல் வந்து நின்றார். நாகர்கோவிலில் ஐஸ் கம்பெனிக்காரனைப் பார்க்க வந்தவர், மகளையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். எனக்கு அன்று விடுமுறை. மாமி அவரைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கியதைக் கவனித்தேன். கூச்சம் என்று நினைத்தேன். நான்தான், “சாப்பிட்டுட்டுப் போங்க வாப்பா, மாமி கறி நல்லா வைப்பாங்க” என்று வற்புறுத்தி உட்காரவைத்தேன்.

அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒருமுறை நின்றார். எதையோ தேடுவதுபோல் முகத்தைத் திருப்பினார். உள்ளே வந்து உட்கார்ந்தார். நானே சோறும் சூரைமீன் கறியும் விளம்பினேன். பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். மெல்லவில்லை. வாய் அப்படியே நின்றது. கண்கள் என்னைப் பார்த்தன. மாமி எதிரில் நின்றுகொண்டிருந்தாள். அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்று விழுங்கப் பார்த்தார். முடியவில்லை. எழுந்து பின்வாசல் வழியாக ஓடி, வாழைமரத்தடியில் குனிந்து வாந்தி எடுத்தார். காலையில் தின்றது, குடித்தது எல்லாம் வந்தது. ஒன்றும் இல்லாமல் போன பிறகும் உடம்பு குலுங்கிக்கொண்டே இருந்தது.

தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். வாயைக் கொப்பளித்துவிட்டுக் கேட்டார்.

“இதையா மோளே நீ தெனமும் தின்னுதே?”

“என்ன வாப்பா? என்ன ஆச்சு?”

“அழுகின மீனு மோளே. அது மட்டும் இல்ல, என்னமோ... செத்த எலி ஓட்டுல கெடக்குமே, அப்படி. உனக்கு அறியல்லியா?”

நான் உள்ளே போய் அவர் தட்டைத் தூக்கி மூக்கருகில் வைத்தேன். மோந்தேன். இன்னொரு தரம் மோந்தேன். புளி, மிளகாய், மீன். மீன்கறி மணம்தான் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. வாப்பா வாசற்படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவ்வளவு பெரிய நாற்றத்துக்கு நடுவே தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “ஒண்ணும் இல்லியே வாப்பா” என்று நிற்கிற மகளை வேறு எப்படிப் பார்ப்பார்?

மாமி சிந்திய சோற்றைப் பொறுக்கினாள். “வயிறு சரியில்லாம இருந்திருப்பாரு” என்றாள்.

வாப்பா என்னை அப்படியே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். உம்மா என்னை அருகில் இழுத்து, சட்டென்று விட்டாள். குளிக்கச் சொன்னாள். தலை தேய்க்கச் சொன்னாள். நான் போட்டிருந்த துணிகளைக் குச்சியால் எடுத்து வாளியில் போட்டாள். முதல் நாள் உம்மா வைத்த சாளைக் கறி எனக்குச் சப்பென்று இருந்தது. சொல்லவில்லை. இரண்டாம் நாள் கொஞ்சம் ருசி தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு காலையில் பல் தேய்க்கும்போது, வாளியில் ஊறப்போட்டுத் துவைத்தும் போகாத வாடை ஒன்று, கொடியில் தொங்கிய என் சுடிதாரிலிருந்து வந்தது. அது என் துணி, என் உடம்பு, என் வாய் என்று புரிந்த நிமிஷத்தில் நான் உட்கார்ந்தேன். அன்று வந்த வாந்தி ஒரு நாள் முழுக்க நிற்கவில்லை. எத்தனை மாதத்துச் சோறு! உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்து வெளியே போட்டுவிட முடிந்தால் போதும் என்றிருந்தது. நாக்கைத் துணியால் தேய்த்தேன். ரத்தம் வரும்வரை தேய்த்தேன்.

பொருட்களை எடுக்கத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. வாப்பா வெளியே ஆட்டோவில் இருந்துகொண்டார். வாசற்படியிலேயே வீடு என் முகத்தில் அறைந்தது. சுவர், திரைச்சீலை, மேசை, மேலே நடக்கிற பெண்களின் தலைமுடி, எல்லாவற்றிலும் அது இருந்தது. அதன் நடுவே மாமி பவுடர் மணக்க, வெள்ளைப் புடவையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதே கறிதான். சோற்றில் குழம்பை அள்ளி ஊற்றி, மீனின் தலையைக் கையில் பிடித்து உறிஞ்சி, முள்ளைத் தட்டோரம் வைத்து, விரலிடுக்கில் வழிந்ததை மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி நக்கினாள். எங்களுக்கு ஒன்றும் தனக்கு வேறொன்றும் வைத்துக்கொள்கிறவள் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்திருந்தேன். அப்படி இருந்திருந்தால் அவளை எனக்குப் புரிந்திருக்கும்.

“வந்தியா மக்களே? இரி, சாப்பிடு” என்றாள்.

மாடிக்குப் போனேன். என் அறையில் செலினின் கட்டிலில் ஒரு சின்னப் பெண் சுருண்டு கிடந்தாள். பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவள். முகம் பலாச்சுளைபோல் வீங்கி, உதடு தடித்து, கழுத்தெல்லாம் சிவப்பு. மூச்சு விசில்போல வந்தது. வாப்பாவைக் கூப்பிட்டேன். இருவருமாக அவளைத் தூக்கிக் கீழே கொண்டுவந்தோம்.

மாமி கை கழுவிவிட்டு வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னாள்.

“பழகல்ல பாவம். கிண்ணத்தச் சீக்கிரம் நிறுத்திட்டேன். நான் கொஞ்சம் வேகமாப் போயிட்டேன்.”

வாப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. என் கிண்ணத்திலும் முதல் நாளிலிருந்தே பெரிய சட்டியின் கறி ஒரு நுள்ளு கலந்திருந்தது. மறுநாள் இன்னொரு நுள்ளு. என்னை நடத்திக்கொண்டு போன வேகம் சரியான வேகம். வாப்பாவிடம், “நீங்க இவள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, நான் பின்னால வாறேன்” என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றிவிட்டு, நேராக அடுக்களைக்குப் போனேன்.

அடுப்பில் அந்தப் பெரிய மண்சட்டி இருந்தது. நான் அங்கே இருந்த நாட்களில் அதை அடுப்பைவிட்டு இறக்கிப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தினமும் மிச்சத்தின் மேல் புது மீன் விழும், புது அரைப்பு விழும், கொதிக்கும். கவிழ்த்ததே இல்லை. கழுவியதே இல்லை. விளிம்பில் விரல் தடிமனுக்குக் கறுப்பாக ஒன்று படிந்திருந்தது. இரண்டு கந்தைத்துணியால் பிடித்துத் தூக்கினேன். மாமி ஓடிவந்தாள்.

“ஏட்டி, என்ன செய்யுதே? வை அங்க! வை!”

அந்தக் குரலை அவளிடம் நான் கேட்டதில்லை. பின்வாசலுக்குக் கொண்டுபோய் வாழையடியில் கவிழ்த்தேன். குழம்பு ஓடியது. அடியில் இருந்தது ஓடவில்லை. சட்டியைத் தட்டினேன். சாம்பல் நிறத்தில், கொழகொழவென்று, முள்ளும் செதிலும் தோலும் கரைந்து ஒட்டிய ஒரு கட்டி மெதுவாக வழுக்கி வந்து, தரையில் பொத்தென்று உட்கார்ந்தது. அதன் உருவம் சட்டியின் உருவம். அதிலிருந்து எழும்பிய நாற்றத்தில் கண் எரிந்தது. மதில்மேல் இருந்த பூனை இறங்கி வந்து, மோந்து, பின்வாங்கி, மறுபடி மதிலுக்கே போய்விட்டது.

மாமி அதன் முன்னால் குந்திவிட்டாள். கையால் அள்ளிச் சட்டிக்குள் போடப் பார்த்தாள். வெள்ளைப் புடவை எல்லாம் சாம்பல் கொழகொழப்பு. அழுதாள்.

“இது எனக்க மாப்பிள்ள இருக்கும்ப ஏத்தின சட்டியாக்கும். மறுநாள் கறிதான் வேணும்பாரு. அவருக்கு எடுத்து வச்சு எடுத்து வச்சு... அவரு போன அண்ணைக்கும் இதுல கறி கெடந்தது. அதைக் கொட்டுவேனா? அதுக்க மேல வச்சேன். பின்ன அதுக்க மேல. அதே கறியாக்கும் இது. எல்லாத்தையும் கூட்டுவேன் குறைப்பேன். இத மட்டும் தொட்டதில்ல. அவரு தின்ன ருசி இதுல ஒரு நுள்ளுகூட மாறல்ல.”

விரலில் ஒட்டியிருந்ததை வாயில் வைத்து, கண்ணை மூடி, “மாறல்ல” என்றாள் மறுபடியும்.

நான் அங்கே நிற்கவில்லை. பெட்டியைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன். அந்தச் சின்னப்பெண்ணுக்கு ஊசி போட்டு, இரண்டு நாளில் சரியாயிற்று. மற்ற பெண்களும் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். வெளியே போய் மூக்கு தெளிந்த பிறகு ஒவ்வொருத்தியும் எனக்குப் போன் செய்து அழுதாள். மாடி காலியாகக் கிடந்தது. மாமியைப் பற்றிப் புகார் கொடுக்க வேண்டும் என்று செலின் குதித்தாள். என்னவென்று கொடுப்பது? நாங்கள் எல்லாரும் கேட்டு வாங்கி இரண்டாம் தடவை சாப்பிட்டவர்கள்.

சில வருடம் கழித்து மாமியின் மருமகள் எங்கிருந்தோ என் நம்பரைப் பிடித்துப் பேசினாள். மகன் வளைகுடா வேலையை விட்டுவந்து மார்த்தாண்டம் பக்கம் வீடு கட்டியிருக்கிறான். மாமி அவர்களோடுதான் இருக்கிறாள். “அத்தைக்கு உங்களப் பாக்கணுமாம் அக்கா. தேங்காய்ப்பட்டணத்துப் பிள்ள, தேங்காய்ப்பட்டணத்துப் பிள்ளன்னு ஒரே சொல்லு.” போகக்கூடாது என்று நினைத்தேன். ஏன் போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

புது வீடு. பளபளக்கிற தரை. பெரிய பெரிய ஜன்னல். மாமி வரவேற்பறையில் நாற்காலியில் இருந்தாள். உடம்பு பாதியாகக் குறைந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு உன்மேல கோவம் வெப்ராளம் ஒண்ணும் இல்ல கேட்டியா” என்றாள். பிறகு தூங்கிப்போனாள்.

மருமகள் நல்ல பெண். படித்தவள், கலகலப்பானவள். என்னை அடுக்களைக்குக் கூட்டிப்போய்ப் பேசினாள்.

“வந்த புதுசுல அத்தை ஒண்ணுமே தின்னமாட்டாங்க அக்கா. நல்ல பச்ச மீனு வாங்கி வச்சுக் குடுப்பேன். சவம், ருசியே இல்ல, கெட்டுப்போச்சுன்னு துப்பிருவாங்க. எலும்பும் தோலுமா ஆயிட்டாங்க. ஒருநாள் நான் மறந்துபோய் வெளியில வச்ச பழைய கறி ஒண்ணு கெடந்தது. அத எடுத்து ரெண்டு தட்டுச் சோறு தின்னாங்க. அதுக்கப்புறம் அவங்களுக்குன்னு தனியா ஒண்ணு வச்சிருக்கேன். அதுலேயே போட்டுப் போட்டுக் கொதிக்க வச்சிருவேன்.”

அவள் அடுப்பின் மூலையில் இருந்த சட்டியின் மூடியைத் திறந்தாள். எனக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. தெருவில், கேட்டைத் திறந்தபோதே எனக்குத் தெரிந்திருந்தது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“நானும் மொதல்ல இப்படித்தான் பொத்திட்டு விளம்புவேன். பிள்ளைகள இந்தப் பக்கமே விடமாட்டேன். இப்ப ஒண்ணும் இல்லக்கா. எனக்க மாப்பிள்ளையும் அதான் சொல்லுதாரு. இப்ப அந்த அளவுக்கு நாத்தம் வரல்ல.”

அகப்பையால் அடிவரை கிளறினாள். இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டு, நாக்கால் நக்கிப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

“உப்பு சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டு, எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தாள்.